உடனிருப்பவர்: மகள்

காலை ஆறு மணிக்கு அலாரம் அடிக்கும். நான் அதற்கு முன்பே விழித்து, அது அடிப்பதற்காகக் காத்துக் கிடப்பேன். அடித்ததும் அணைப்பேன். பல் விளக்குவேன். பால் காய்ச்சிக் காபி போடுவேன். சவரம் செய்வேன், இடது கன்னத்தில் தொடங்கி வலது கன்னத்தில் முடிப்பேன். சட்டைக்கு இஸ்திரி போடுவேன். முதுகுப் பக்கம் போடமாட்டேன். நாள் முழுவதும் நாற்காலியில் சாய்ந்திருக்கும் ஒருவனின் முதுகை யாரும் பார்ப்பதில்லை. குளிப்பேன். வண்டியை எடுப்பேன். ஆற்றுப்பாலத்தில் நெரிசல் இருந்தால் நிற்பேன், இல்லாவிட்டால் போவேன். வாழ்க்கையில் நான் எடுக்கும் முடிவுகள் இப்போது இந்த அளவில்தான் இருக்கின்றன.

என் வேலை, மனிதர்களை அவர்களுடைய எதிர்காலத்தோடு பேசவைப்பது. சொல்லும்போது பெரிதாக இருக்கும். நேரில் பார்த்தால் ஒரு மேசை, ஒரு திரை, ஒரு ஒலிபெருக்கி, மூன்று நாற்காலிகள். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் அந்த அறை இருக்கிறது. சம்மத அறை என்று பெயர். பெரிய அறுவை சிகிச்சை எதுவாக இருந்தாலும், நோயாளி தன்னுடைய ‘பின்னவரோடு’ பேசிய பிறகுதான் கையெழுத்து வாங்கலாம் என்று சட்டம் வந்துவிட்டது. பின்னவர் என்றால் அறுவை முடிந்து ஒரு வருடம் ஆன அதே நோயாளி. அவர் எங்கும் இல்லை. இயந்திரத்துக்குள் குரலாக மட்டும் இருக்கிறார்.

எனக்கு வயது முப்பத்திரண்டு. புள்ளியியல் முதுகலை. மனைவி இருந்தாள். பெயர் பியூலா. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இதய வால்வு கெட்டுப்போயிருந்தது. மாற்றினால் சரியாகிவிடும் என்றார்கள். மாற்றினார்கள். ஒரு வாரத்தில் இறந்துபோனாள். அறுவைக்கு முன்பு அவளும் இந்த அறையில் உட்கார்ந்து தன் பின்னவரோடு பேசினாள். அந்தப் பின்னவர் இன்றும் மிக நன்றாக இருக்கிறாள். பியூலாதான் இல்லை.

இறந்துபோன நோயாளியின் பின்னவரை அழித்துவிட வேண்டும் என்பது விதி. அழிப்பது என் வேலை. வேலையை நிலுவையில் வைப்பது என் சுபாவம். மாதம் ஒருமுறை திரையில் ஒரு நினைவூட்டல் வரும். அதை ஒதுக்கிவிட்டு மற்ற வேலைகளைப் பார்ப்பேன். மதியச் சாப்பாட்டு வேளையில் எப்போதாவது அவளிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்பேன். நன்றாக இருக்கிறேன், மாடி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை என்பாள். அவள் சொல்லும் அந்த ஒரு வருடமே முடிந்துபோய்விட்டது. காலாவதியான எதிர்காலத்தைச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்பவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கோமதிநாயகம் பிள்ளை வந்தது ஒரு திங்கட்கிழமை. தொண்ணூற்றொரு வயது. ஆயுள் காப்பீட்டு முகவராக நாற்பது வருடம் இருந்தவர். சலவை வேட்டி, முழுக்கைச் சட்டை, பையில் பேனா. கூட மகள் சண்முகவடிவு. அவருக்கே அறுபது தாண்டியிருந்தது. மூட்டுவலியோடு அப்பாவின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார். யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்று சொல்வது சிரமம்.

பெரியவருக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். இன்னும் சுரப்பியைத் தாண்டவில்லை, ஆனால் வேகமான வகை. ஒரு காலத்தில் தொண்ணூறு வயதில் இதற்குக் கத்தி வைக்கமாட்டார்கள். நோய் கொண்டுபோவதற்குள் வயது கொண்டுபோய்விடும் என்று ஊசியோ மாத்திரையோ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இப்போது இயந்திரக் கைகள் வந்துவிட்டன. ரத்தம் அதிகம் போவதில்லை, மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்விடலாம். செய்ய முடிகிறது, அதனால் செய்கிறார்கள். எங்கள் டாக்டர் அய்யாத்துரை அதில் பெரிய கை. தொண்ணூறைத் தாண்டியவர்களுக்கே நிறைய செய்திருந்தார். அந்த முடிவுகளைத் தொகுத்து நாங்கள் ஒரு கட்டுரை எழுதினோம். அதில் ஒரு வியப்பான விஷயம் இருந்தது. அறுபதுகளில் இருப்பவர்கள் அறுவைக்குப் பிறகு ஒழுகுகிறது, தாம்பத்தியம் போயிற்று என்று பக்கம் பக்கமாகப் புகார் சொன்னார்கள். தொண்ணூறுகளில் இருப்பவர்களோ நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் ஒரு குறையும் இல்லை என்றார்கள். வயது ஏற ஏற மனிதன் பக்குவப்படுகிறான், எதிர்பார்ப்பு குறைகிறது என்று அதற்கு ஒரு பத்தி விளக்கம் வேண்டியிருந்தது. அதை எழுதியவன் நான். கட்டுரையில் நான்காவது பெயர் என்னுடையது. அந்தப் பத்தியைப் பாராட்டி ஜப்பானிலிருந்து ஒருவர் கடிதம் எழுதினார்.

பெரியவரை உட்காரவைத்து வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்.

“ஐயா, இப்ப பேசப்போறது நீங்கதான். ஆனா ஆப்பரேசன் முடிஞ்சு ஒரு வருசம் கழிச்சு இருக்கிற நீங்க.”

“அவன் இப்ப எங்க இருக்கான்?”

“எங்கயும் இல்ல. ஒங்கள மாதிரி ஆப்பரேசன் பண்ணிக்கிட்டவங்க ஒரு வருசம் கழிச்சு வந்து எங்ககிட்ட பேசிருக்காங்க. ஆயிரக்கணக்குல. அதையெல்லாம் மிசின் கேட்டிருக்கு. போன வாரம் ஒங்கள ரொம்ப நேரம் பேச வச்சோம்ல, அதுல ஒங்க குரலையும் பேச்சையும் புடிச்சுக்கிட்டு, ரிப்போர்ட்ட வச்சு, அப்ப நீங்க என்ன சொல்லுவீங்களோ அதச் சொல்லும்.”

“அப்ப சோசியம்.”

“இல்லைங்கய்யா. புள்ளிவிவரம்.”

“அதத்தான் நானும் சொன்னேன்” என்றார். “அத வச்சுத்தான் நாப்பது வருசம் பாலிசி வித்தேன்.”

தான் கேட்க வந்தது ஒரே ஒரு விஷயம் என்றார். அவருடைய மனைவி பகவதியம்மாளுக்கு நினைவு போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. பெற்ற மகளை டீச்சர் என்று கூப்பிடுகிறார். யார் ஊட்டினாலும் வாயைத் திறப்பதில்லை, இவர் ஊட்டினால் மட்டும் சாப்பிடுகிறார். மோர்ச்சோற்றை உருண்டையாகப் பிடித்து, ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு பொய் சொல்ல வேண்டுமாம். பஸ் வந்துவிட்டது, சாப்பிட்டுக் கிளம்பினால் உன் அம்மா வீட்டுக்குப் போய்விடலாம். டிரைவர் ஆரன் அடிக்கிறான், இந்த ஒரு வாய். இந்த ஒரு வாய்தான், சன்னல் சீட்டு பிடித்து வைத்திருக்கிறேன்.

“காலையில ஒரு பஸ்சு, மத்தியானம் ஒரு பஸ்சு, ராத்திரிக்கு ஒரு பஸ்சு” என்றார். “அவளுக்கு ஒரு நாள் பின்னால நான் போனாப் போதும் தம்பி. ஒரே ஒரு நாள். அதுக்கு எது தோதுன்னு இவன்ட்ட கேட்டுச் சொல்லும்.”

வடிவு அறுவைதான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டே வந்திருந்தார். அப்பா முந்திக்கொண்டால் அம்மா தன் கண் முன்னால் பட்டினி கிடந்து சாவாள் என்று, அப்பா பக்கத்தில் இருக்கும்போதே சொன்னார். பெரியவர் அதற்குத் தலையை ஆட்டினார். அவர்களுக்குள் அதில் சண்டை இல்லை.

இயந்திரத்தை ஓடவிட்டேன்.

“வணக்கம். கோமதிநாயகம் பேசுதேன்” என்றது ஒலிபெருக்கி.

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் வணக்கம் வைத்தார். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். நான் கேட்க வேண்டியவற்றைக் கேட்டேன். உடம்பு எப்படி இருக்கிறது, சிறுநீர் எப்படிப் போகிறது, தூக்கம், நடை.

“ஒரு குறையும் இல்ல டாக்டர். ஒங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன்.”

“வீட்டம்மா சாப்பிடுறாங்களா?”

“அவளும் நல்லா இருக்கா. நேரத்துக்கு எல்லாம் நடக்கு.”

வடிவு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சம்மதப் பக்கத்தைத் திரையில் கொண்டுவந்தேன். பெரியவர் சிரிக்க ஆரம்பித்தார். சத்தம் இல்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது.

“பொய் சொல்லுதான்.”

இயந்திரத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று விளக்கினேன். இந்த விளக்கத்தை நான் நன்றாகச் செய்வேன், பயிற்சி வகுப்பே எடுத்திருக்கிறேன்.

“ஒம்ம மிசினுக்குத் தெரியாம இருக்கலாம். எனக்குத் தெரியும்ல வே. ‘ஒரு குறையும் இல்ல’ன்னு நான் ஒருத்தன்ட்ட சொன்னேன்னா, பேச்ச முடிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போன்னு அர்த்தம். கிளைமு வரலன்னு சண்டைக்கு வந்தவன்ட்ட எல்லாம் இந்தக் குரல்லதான் பேசிருக்கேன்.” ஒலிபெருக்கியைப் பார்த்தார். “நேரத்துக்கு எல்லாம் நடக்காம். சோறு ஊட்டுதவன் பேசுத பேச்சா அது? ஆசுபத்திரி நர்சு பேசுத பேச்சு.” பிறகு, “ஆமா, அவன் பக்கத்துல யாரு உக்காந்துருக்கா?” என்றார்.

யாருமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். திரையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. தினமும் என் கண்ணில் படுகிற வரி. உடனிருப்பவர்: மகள்.

நம் ஊரில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் கேட்பது நோயைப் பற்றி அல்ல, கூட யார் வந்திருக்கிறார்கள் என்று. எண்பது வயதுக்கு மேல் துணை இல்லாமல் வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவோம். துணைக்கு வந்தவருக்கு நாற்காலி போடுவோம். பாதிக் கேள்விக்கு அவரே பதில் சொல்லிவிடுவார். நாங்கள் வருடக்கணக்காகச் சேர்த்த பேட்டிகளில் எல்லாத் தொண்ணூறு வயதுக்காரர்களின் பக்கத்திலும் ஒரு மகளோ மருமகளோ மகனோ இருந்தார்கள். மருமகள் பக்கத்தில் இருக்கும்போது வேட்டி நனைவதைப் பற்றி ஒரு மாமனார் என்ன சொல்வார்? ஒரு குறையும் இல்லை என்பார். அறுபது வயதுக்காரர்கள் ஸ்கூட்டரில் தனியாக வந்தவர்கள். அவர்கள் புகார் சொன்னார்கள்.

பக்குவம்.

நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு பெரியவர் மகளிடம் திரும்பினார். தொண்டை காய்கிறது, கீழே போய் ஓர் இளநீர் வாங்கி வா என்றார். பிளாஸ்கில் வெந்நீர் இருப்பதாக வடிவு சொன்னார். இளநீர்தான் வேண்டும் என்றார் அவர். வடிவு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முழங்காலில் கை ஊன்றி எழுந்து போனார்.

“இப்பக் கேளும்” என்றார்.

“மாத்திக் கேக்கலாம் ஐயா. ஆனா மிசின் தான் கேக்காத ஒண்ண எப்படிச் சொல்லும்? எல்லாரும் நல்லா இருக்கேன்னுதான சொல்லிருக்காங்க.”

“கூட வந்தவ ஒரு நிமிசம் கூட எந்திரிச்சுப் போவலியா? போன் வந்திருக்காது? மாத்திர வாங்கப் போயிருக்க மாட்டா?”

போயிருக்கிறார்கள். அந்த இடைவெளியில் கிழவர்கள் ஏதோ முணுமுணுத்திருக்கிறார்கள். எழுத்தாக்கும்போது அவற்றைத் தொடர்பற்ற பேச்சு என்று நான் தள்ளிவிடுவேன். இயந்திரம் தள்ளாது. அதற்கு அந்த அளவுக்குப் படிப்பு இல்லை.

வரியை மாற்றினேன். உடனிருப்பவர்: யாருமில்லை.

 ஒலிபெருக்கி தணிந்த குரலில் கேட்டது.

“போயிட்டாளா?”

“போயிட்டா” என்றார் பெரியவர். அவர் குரலும் தணிந்திருந்தது. நாற்காலியை இழுத்து மேசைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் ரகசியம் பேசத் தொடங்கினார்கள். நானும் இளநீர் வாங்கப் போயிருக்கலாம் என்று தோன்றியது.

“மூத்திரம் நிக்க மாட்டேங்கு, வேட்டி நனையுது” என்றார் பின்னவர். “பச்சப்புள்ளைக்குக் கெட்டுத மாதிரி கெட்டி விடுதாவ. வடிவு ஒண்ணும் சொல்ல மாட்டா. நான் உக்காந்து எந்திரிச்ச எடத்துல ஊதுவத்தி கொளுத்தி வைக்கா. அதத்தான் தாங்க முடியல.”

“அது போட்டும். பகவதி?”

ஒலிபெருக்கி தொண்டையைச் செருமியது.

“பகவதி எப்படி இருக்காங்கேன்.”

“ஆப்பரேசன் நல்லாத்தான் நடந்துச்சு. மயக்கம் தெளிஞ்சும் மண்ட தெளியல. எந்த ஊரு, என்ன கெழமன்னு தெரியாம கெடந்தேன். மாசம் ஒண்ணு இருக்கும். அதுக்குள்ள அவளுக்கு மூக்குல கொழாய் சொருவிட்டாவ. நான் வீட்டுக்குப் போயி உருண்ட புடிச்சு நீட்டுனேன். பஸ்சு வந்துட்டுன்னேன்.”

“வாங்குனாளா?”

“நீங்க யாருன்னு கேட்டா.”

பெரியவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்து முடித்தும் போடவில்லை. இது நடக்குமா என்று என்னிடம் கேட்டார். இது கணிப்புதான் என்றேன். தொண்ணூறுக்கு மேல் மயக்கமருந்துக்குப் பிறகு புத்தி தடுமாறுவது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வரும், பலருக்குச் சில நாளில் சரியாகும், சிலருக்கு ஆகாது. மற்றதெல்லாம் யார் யாரோ சொன்ன துண்டுகளை வைத்து இயந்திரம் கோத்தது. நடக்காமலும் போகலாம்.

“மூணுல ஒண்ணு” என்றார். “எங்க ஆபீசுல அந்தக் கேசுக்கு ஒருத்தனும் கையெழுத்துப் போட மாட்டான்.”

பிறகு இன்னொருவரைக் கூப்பிடச் சொன்னார். அறுவை செய்துகொள்ளாத பின்னவரை. அவரையும் தனியாகவே கேட்டோம். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார். ஊசி போடுகிறார்கள், உடம்பு திடீர் திடீரென்று தீயாக எரிகிறது, மாதவிலக்கு நின்ற வயதில் பகவதி சொல்லி நான் நம்பாத எரிச்சல் என்றார். கைகாலில் பலம் இல்லை. பகவதியைத் தூக்கி உட்காரவைப்பதை வடிவுதான் செய்கிறாள். முதுகில் ஒரு வலி வந்திருக்கிறது, அது என்ன வலி என்று யாரும் சொல்வதில்லை. எத்தனை நாள் ஓடும் என்று தெரியவில்லை.

“சாப்புடுதாளா?” என்று கேட்டார் பெரியவர்.

“சாப்புடுதா. நேத்து ரெண்டு உருண்ட கூட.”

அவ்வளவுதான் அவருக்குத் தேவைப்பட்டது. வடிவு இளநீரோடு வந்தபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆப்பரேசன் வேண்டாம், ஊசி போட்டுக்கொள்ளலாம் என்றார். வடிவு விடவில்லை. இப்போதுதானே பின்னவர் நல்லா இருக்கேன் என்று சொன்னார், நான் கீழே போய் வருவதற்குள் என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்டார். நான் திரையைப் பார்த்தேன். திரையைப் பார்ப்பதற்காகத்தான் எனக்குச் சம்பளம்.

“நான் இல்லாதப்ப என்ன பேசுனிய?”

“ஒண்ணுமில்ல தாயி. சும்மா வெளையாட்டு” என்றார் பெரியவர். இளநீரை உறிஞ்சினார்.

வடிவு கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். “எங்கிட்ட சொல்ல முடியாத ஒண்ணு எங்கப்பாட்ட இருக்குன்னா, அது எனக்கு ஏற்கெனவே தெரிஞ்ச ஒண்ணாத்தான் இருக்கும்” என்று என்னிடம் சொன்னார். பிறகு மறுப்புக் கையெழுத்துக்கு அவரே சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் டாக்டர் அய்யாத்துரையிடம் போய்ச் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. ஒரு கிழவரின் சந்தேகத்தை வைத்து ஆயிரம் பேட்டியைத் தள்ளுவதா என்று கேட்டார். நான் வேறு பத்துப் பதினைந்து பின்னவர்களைத் தனியாக விட்டுக் கேட்டிருந்தேன். அந்தக் குரல்களைப் போட்டுக் காட்டினேன். ஒவ்வொருவரும் முதலில் கேட்டது அதே கேள்வியைத்தான். போயிட்டானா. போயிட்டாளா. மூன்றாவது குரலில் போதும் என்று கையைக் காட்டினார்.

“எங்கப்பாவுக்கு நாந்தான் ஆப்பரேசன் பண்ணேன். தெரியும்ல?”

“தெரியும் சார்.”

“எண்பத்தொம்பது வயசு. போன ஞாயித்துக்கெழம கூடக் கேட்டேன், ஜெபசிங். நல்லா இருக்கேன்னுதான் சொன்னாரு.” மேசையில் இருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, மறுபடி போட்டார். “எங்கம்மா பக்கத்துல இருந்தா.”

எழுந்து போய்க் கை கழுவினார். யாரையும் அவர் தொட்டிருக்கவில்லை. பிறகு வீட்டுக்குப் போய்விட்டார். அப்பாவிடம் அவர் கேட்டாரா என்பது எனக்குத் தெரியாது. கேட்டவர்கள் சொல்கிற விஷயம் அல்ல அது.

அதற்குப் பிறகு துணைக்கு வருபவரை வெளியே அனுப்பிவிட்டுத்தான் பேட்டி எடுக்க வேண்டும் என்று ஆயிற்று. கட்டுரையைத் திரும்பப் பெற்றோம். ஜப்பான்காரர் மறுபடியும் எழுதினார். இந்த முறை வருத்தம் தெரிவித்திருந்தார். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு என்பது பாதிக்கும் கீழே இறங்கியது. மருத்துவமனை வாசலில் இளநீர் வியாபாரம் ஏறியது. இரண்டில் எதையாவது என் சாதனையாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றால் இளநீரைச் சொல்வேன்.

பெரியவர் ஊசிக்கு வந்துகொண்டிருந்தார். கார்த்திகையில் ஒரு நாள் என் அறைக்கு வந்தார். இளைத்திருந்தார். சட்டைக் கழுத்துக்குள் கழுத்து ஆடியது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“ஒரு குறையும் இல்ல” என்றார். வடிவு சிரித்துவிட்டார். நாங்கள் சொல்வதற்கு முன்பே எழுந்து, சும்மா வராண்டாவில் நிற்கிறேன் என்று வெளியே போனார்.

“வலிக்கு தம்பி” என்றார் பெரியவர். “அவ சாப்புடுதா.”

எங்கே வலிக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். அவர் எழவில்லை. ஊசி போடும் சிஸ்டர் ஏதோ சொன்னதாகச் சொன்னார். நாற்பது வருடம் பிறர் வீட்டு முன்னறைகளில் உட்கார்ந்து பேச்சைத் தொடங்கியவர். எப்படித் தொடங்குவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

“ஒம்ம வீட்டுக்காரியும் இதுக்குள்ள இருக்காளாமே?”

“இருக்கா ஐயா.”

“பேசுவீரா?”

“எப்பவாவது.”

“என்ன சொல்லுதா?”

“நல்லா இருக்கேங்கா. மாடி ஏறுனா மூச்சு வாங்கலங்கா.”

அவர் ஒலிபெருக்கியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“பக்கத்துல யாரு இருக்கும்போது?”

 அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எந்த இடத்தில் பேச்சை நிறுத்த வேண்டும் என்பதும் அவர் தொழிலில் சேர்த்திதான். வாரேன் என்று எழுந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்று, கதவுவரை தானே நடந்து போனார்.

மறுநாள் மதியம் பியூலாவைத் திறந்தேன். அவள் பின்னவரோடு பேசிய அன்று மூன்றாவது நாற்காலியில் இருந்தது நான். கேள்விகளை வாசித்ததும் நான். அவள் கையைப் பிடித்திருந்ததும் நான். கணவனும் அலுவலரும் சாட்சியும் ஒரே ஆள். இதில் தவறு இருக்கலாம் என்று எங்கள் சட்டத்துக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பின்னவர் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னபோது நான்தான் முதலில் சிரித்தேன். என்னைப் பார்த்து அவள் சிரித்தாள்.

திரையின் ஓரத்தில் அந்த வரி இருந்தது. உடனிருப்பவர்: கணவர். புள்ளியியல் படித்தவன் இதில் உணர்ச்சிவசப்பட ஒன்றுமில்லை. ஒரு மாறியின் மதிப்பை மாற்றுகிறோம், அவ்வளவுதான் என்று எனக்கு நானே வகுப்பெடுத்துக்கொண்டு மாற்றினேன்.

மூச்சுவிடும் சத்தம் கேட்டது. அவளுடைய மூச்சுதான், அல்லது அதற்கு மிக நெருங்கிய மதிப்பீடு.

“அந்தக் கதவக் கொஞ்சம் சாத்துங்களேன்” என்றாள்.

எழுந்து போய்ச் சாத்தினேன். சாத்திய பிறகுதான் நான் கதவுக்கு எந்தப் பக்கம் நின்றிருக்க வேண்டும் என்று யோசித்தேன்.

நாற்காலிக்குத் திரும்பி வந்தேன். சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பேசியிருக்கும். அது காத்திருந்தது. யாரோ ஒரு நர்ஸிடமோ, ஆயாவிடமோ, என்னைத் தவிர வேறு யாரிடமோ சொல்வதற்கு அதனிடம் ஏதோ இருந்தது. பயமாக இருக்கிறது என்று இருக்கலாம். வலிக்கிறது என்று இருக்கலாம். இவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அதற்காகத்தான் சிரிக்கிறேன் என்று இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அது மற்றவர்களின் துண்டுகளைக் கோத்து, அவள் குரலில் எனக்குத் தெரியாமல் சொல்லப்பட்டிருக்கும். நான் திருட்டுத்தனமாகக் கேட்டிருப்பேன். அவளே அனுப்பிவிட்ட ஓர் ஆள் சன்னலுக்குக் கீழே நின்று ஒட்டுக்கேட்பது போல.

அழித்தேன். நிச்சயமாகவா என்று கேட்டது. நிச்சயமாக என்று ஒருமுறை கூட வாழ்க்கையில் நான் சொன்னதில்லை. பொத்தான் என்பதால் அழுத்த முடிந்தது. நிலுவை என்ற சொல் திரையிலிருந்து போய்விட்டது.

அது சொல்லியிருக்கக்கூடியது எல்லாம் கணிப்பு. அவள் வாயால் சொன்னது வேறு. அறுவைக்குப் பிறகு வார்டில் இருந்தாள். கடைசி நாள் காலை அவள் முகம் வெளிறியிருந்தது. தலையணையைச் சரிசெய்கிறேன் என்று நான் அதை மூன்றாவது தடவையாகக் கலைத்துக்கொண்டிருந்தேன். என்னைப் போகச் சொன்னாள். போனேன். கீழே கேன்டீனில் தோசை சூடாக இருந்தது, இன்னொன்றும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் துணித் திரை இழுத்திருந்தார்கள். திரைக்கு உள்ளே இருந்த நர்ஸிடம் அவள் ஏதாவது சொன்னாளா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. என்னிடம் சொன்னது இவ்வளவுதான்.

“எனக்கு ஒண்ணுமில்ல. நீ போயி சாப்ட்டுட்டு வா. மெதுவா வந்தாப் போதும்.”